மாமியின் சப்பாத்துக்குள் ஒரு சுள்ளி

ஒஸ்லோவின் குரோருட் மாடிப் புளொக்குகளில் என்னோடு மூக்கு ஒழுக ஒழுக வளர்ந்தவர்களே, இப்போது தலைக்கு மை பூசிக்கொண்டு முழங்கால் நோவைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கும் என் கூட்டாளிகளே, ஒரு கிழமையாக வாட்சப்பில் என்னைப் போட்டு வறுத்தெடுக்கிறீர்கள். வயதுபோன மனிசியின் சப்பாத்துக்குள் சுள்ளியைக் கொண்டுபோய் வைக்க உனக்கென்ன விசரோ என்று ஒருத்தி. மாமி பாவம், அன்று இரவு சாப்பிடவேயில்லையாம் என்று இன்னொருத்தி. சின்னப் பிள்ளைகளின் கொண்டாட்டத்தைக் கெடுத்துப்போட்டாய் என்று ஒருவன். அவனுக்கு எப்போதும் என்னைத் திருத்துவதுதான் வேலை.

விசர் இல்லை. வஞ்சம். அதுவும் நேற்று முந்தநாள் வந்த வஞ்சம் இல்லை. பால்பல் விழுந்து முடிந்த வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்த வஞ்சம். அந்தக் குளிர்காலத்தில் நீங்கள் எல்லோரும் அதே புளொக்குகளில்தான் இருந்தீர்கள். ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே இருந்து கேளுங்கள். கேட்டு முடிந்த பிறகும் மாமி பாவம் என்று படுகிறவர்கள் தாராளமாகத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போகலாம்.

எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தது நினைவிருக்கிறதா? வெள்ளைத் தலைமுடியை இரட்டைப் பின்னல் போட்ட பெட்டை, என்னைவிட ஒரு வகுப்புக் கூட. தகப்பன் நோர்வேக்காரர், எண்ணெய்க் கிணற்றில் வேலை, கடலுக்குப் போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டார். தாயை நீங்கள் எல்லோரும் ரஷ்யாக்காரி என்றுதான் சொன்னீர்கள். உங்கள் அப்பா அம்மா சொன்னார்கள், நீங்களும் சொன்னீர்கள். அந்த மனிசி மாடிப்படியில் நின்று நெஞ்சில் கை வைத்து, "உக்ரைனா, உக்ரைனா" என்று சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார். கடையில் யாராவது எங்களைப் பாகிஸ்தானி என்று சொன்னால் வீட்டுக்கு வந்து குதித்த எங்கள் ஆட்கள், அவரைப் பற்றி ஒரு முறையாவது சரியாகச் சொன்னார்களா? இல்லை. எனக்கு அப்போதே கோபம் வந்தது. இப்போது அந்தப் பெயரை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்துப் படித்துவிட்டார்கள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேல்வீட்டில்தான் கிடப்பேன். அங்கே வதக்கிய வெங்காயமும் பீற்றூட் கிழங்கும் ஏதோ ஒரு பச்சை இலையும் சேர்ந்து மணக்கும். எங்கள் வீட்டில் அந்த நேரம் ஒரு மணமும் இல்லை. அந்த இலையுதிர்காலத்தில்தான் அம்மாவின் வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போனது. அம்மா யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பார். அப்பா பாண் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. வந்து நித்திரை கொள்வார். நான் மேலே போவதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த வருடம் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஷொய்த்தர். பனிக்கட்டியில் சறுக்கும் சப்பாத்து. பள்ளிக்கூட முற்றத்தில் காவலாளி குழாயால் தண்ணீர் அடித்து விடுவான். விடிய அது கண்ணாடியாக உறைந்து கிடக்கும். வகுப்பு முழுக்கச் சறுக்கும். என்னைப் போன்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்து அலுமாரியில் பொடியன்கள் போட்டுத் தேய்த்த கறுப்புச் சப்பாத்து இரண்டு மூன்று இருந்தது. உள்ளே ஈரம், நாற்றம், ஒரு கால் ஒரு அளவு, மற்றக் கால் இன்னொரு அளவு. அதைப் போட்டுக்கொண்டு நான் ஒரு கதிரையைத் தள்ளித் தள்ளி நடப்பேன். நீங்கள் சிரித்தீர்கள். யார் யார் சிரித்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கணக்கை இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கொள்வோம். அப்பாவிடம் கேட்டால், "வாற வருசம் பாப்பம் குஞ்சு" என்பார்.

மேல்வீட்டம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் அவர் யன்னலில் நின்று பார்த்திருக்கிறார், நான் சாதாரணப் பனிச் சப்பாத்தோடு கீழே முற்றத்தில் ஓடிவந்து சறுக்கி, ஓடிவந்து சறுக்கி, கைகளை விரித்து நடிப்பதை. மேலே போனபோது அவர் குசினி மேசையில் இருந்து ஒரு வெள்ளை ஷொய்த்தரின் கணுக்கால் கிழிசலை நீல நூலால் தைத்துக்கொண்டிருந்தார். மகளுக்கு என்று நினைத்தேன். வயிறு எரிந்தது.

அப்போதுதான் மிக்கொலாயின் கதையைச் சொன்னார். அவருடைய நோர்வேஜிய மொழியும் அரைகுறை, என்னுடையதும் அப்படித்தான், மகள் இடையில் இருந்து திருத்துவாள். மிக்கொலாய் ஒரு சாமியார். எப்போதோ இறந்துபோனவர். குளிர்காலத்தில், அவருடைய நாளில், பிள்ளைகள் நித்திரையாக இருக்கும்போது ஓசைப்படாமல் வந்து தலையணைக்குக் கீழே பரிசு வைத்துவிட்டுப் போவார். நல்ல பிள்ளைகளுக்கு இனிப்பு, கொட்டை, பழம். குழப்படி செய்தவர்களுக்குச் சுள்ளி. "எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் நல்லது, கொஞ்சம் குழப்படி, அதனால் இரண்டும் வரும்" என்று சொல்லிச் சிரித்தார். மேல்வீட்டுப் பெட்டை தனக்குப் போன வருடம் வந்த சுள்ளியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள். பொன் நிறம் பூசி, சிவப்புக் கம்பளி நூல் கட்டி, அவ்வளவு வடிவு. அடிக்கிற தடியே இல்லை அது. எனக்குப் பரிசைவிட அந்தச் சுள்ளியில்தான் கண் போனது.

அதற்காகவே குழப்படி செய்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் கீழ் வாசலில் நின்று புளொக்கில் இருந்த எல்லா வீட்டு மணியையும் ஒன்றாக அழுத்திவிட்டு ஓடினோம். மேல்வீட்டம்மா கடைப் பையோடு எதிரே வந்து இரண்டு பேரையும் காதில் பிடித்தார். எனக்கு நேரே விரலை ஆட்டி, "உனக்கும் மிக்கொலாய் கொண்டுவருவார், பார்!" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்ன "உனக்கும்" என்ற சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தேன்.

இனி மாமி. மாமி உங்கள் எல்லோருக்கும் மாமிதான். யாருடைய மாமி என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. எல்லிங்ஸ்ருட்டில் இருந்து பஸ் பிடித்து வந்து ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துத் தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் கண்பட்டதற்கு நாவூறு கழிப்பார், திருநீறு போடுவார், நூல் கட்டுவார். பிள்ளை ஏன் தங்கவில்லை, விசா ஏன் வரவில்லை, எல்லாவற்றுக்கும் மாமியிடம் காரணம் இருந்தது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்ததால், பத்தியக் கறி வைத்துக் கொடுக்க அந்தக் கிழமை எங்கள் வீட்டில் வந்து நின்றார். கறி நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க நான் தயாரில்லை.

அப்போது மிக்கொலாயின் நாள் மார்கழி, அதாவது டிசம்பர், பத்தொன்பது. இப்போது ஆறாம் திகதிக்கு மாற்றிவிட்டார்கள். அன்று விடியக் கண் விழித்தேன். தலையணைக்குக் கீழே ஏதோ குத்தியது. கையை விட்டு இழுத்தால், சுள்ளி! பொன் பூசி, சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்ட என்னுடைய சுள்ளி. கூடவே பொன்தாள் சுற்றிய வால்நட், இரண்டு மூன்று மண்டரின் பழம், இஞ்சி பிஸ்கற்றில் செய்த ஓர் ஆள், வெள்ளைச் சீனியில் தாடியும் கண்ணும் வைத்தது. நான் மேலே படுத்ததில் அந்த ஆளின் கால் ஒன்று முறிந்திருந்தது. தலைமாட்டில் ஒரு துணிப்பை. பைக்குள் அந்த வெள்ளை ஷொய்த்தர். நீல நூல் தையல். கட்டுகிற நாடாவுக்குப் பதிலாக அதே சிவப்புக் கம்பளியைப் பின்னிப் போட்டிருந்தது.

மடியில் வைத்துத் தடவினேன். மணந்து பார்த்தேன். ஒரு காலின் காலுறையைக் கழற்றிவிட்டு, சப்பாத்தின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அம்மா கதவைத் திறந்தார்.

அம்மா கத்திய கத்தில் மாமி அகப்பையோடு ஓடிவந்தார்.

"தொடாதை! கீழை போடு! போடடி கீழை!"

சப்பாத்தை என் கையில் இருந்து பறித்தது மாமிதான். சுள்ளியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், கால் முறிந்த பிஸ்கற் ஆளைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் குந்திவிட்டார்.

"பாவை செய்து காலை முறிச்சிருக்கு, பாத்தியளே. நூல் கட்டி முடிச்சும் போட்டிருக்கு. பிள்ளை, நான் அப்பவே சொன்னனான், ஆரோ செய்து போட்டிருக்கினம் எண்டு. இல்லாட்டி ஏன் உன்ரை வயித்திலை தங்கேல்லை?"

அம்மாவின் முகம் அப்படியே மாறியது. அது வரைக்கும் பயம் மட்டும் இருந்த முகம். நான் குறுக்கே விழுந்து விளக்கம் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விளக்கம்.

"இல்லை அம்மா, இது மிக்கொலாய் கொண்டுவந்தது. மேல்வீட்டு அன்ரி சொன்னவா."

"ஆரவன் மூக்கொலாய்?" என்றார் மாமி.

"அவர் ஒரு சாமியார். கனகாலத்துக்கு முதல் செத்துப்போனார். இண்டைக்கு இரவிலை வந்து நித்திரைப் பிள்ளையளின்ரை தலைமாட்டிலை வைக்கிறவர்."

என் வாயாலேயே நான் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டேன். உண்மையை அட்சரம் பிசகாமல் சொன்னேன். அதுதான் வினையாய்ப் போனது. மாமி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டனியோ? செத்தவனை ஏவி விட்டிருக்கிறாள் அந்த ரஷ்யாக்காரி. பூட்டின வீட்டுக்குள்ளை வேறை எப்பிடி வாறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரேயொரு ஆள் அந்த நேரம் பாண் தொழிற்சாலையில் நின்றார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சுள்ளியை எரிக்க வேண்டும் என்றார் மாமி. வெறுங்கையால் தொடமாட்டாராம், இடுக்கியால் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போய் ஒரு பழைய சட்டியில் கற்பூரம் கொளுத்தி அதற்கு மேல் வைத்தார். நுனி கருகிப் புகை எழும்பியதுதான் தாமதம், கூரையில் இருந்த புகை அலாம் வீரிட்டது. எங்கள் வீட்டு அலாம் எப்படிக் கத்தும் என்று உங்களுக்குத் தெரியும். சாம்பிராணி போட்டாலே புளொக் எழும்பிவிடும். மாமி சட்டியைப் போட்டுவிட்டு, "ஐயோ முருகா, கத்துதடி!" என்று விறாந்தைக்கு ஓடினார். நான் தண்ணீரை ஊற்றினேன். கருகிய நுனியோடு சுள்ளி தப்பியது. அதை என் உள்சட்டைக்குள் செருகிக்கொண்டேன். குழப்பத்தில் அதை ஒருவரும் தேடவில்லை.

மற்றதெல்லாம் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்று மாமி தீர்ப்புச் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் போய் விட வேண்டுமாம், அதைத் தெரிந்த ஆள்தான் செய்யலாமாம். நான் மாமியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "மாமி, ஷொய்த்தரை மட்டும் தாங்கோ, அதிலை ஒண்டும் இல்லை, மாமி." அம்மா என்னை இழுத்து, கன்னத்தில் ஒன்று போட்டார். அம்மா என்னை அடித்தது அதற்கு முதல் எனக்கு நினைவில்லை.

போகுமுன் மாமி ஒரு தேசிக்காய் கேட்டார். நாங்கள் தேசிக்காய் என்பதைத்தான் சென்னையில் இருந்து வந்தவர்கள் எலுமிச்சம்பழம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தது கடையில் விற்கிற பெரிய மஞ்சள் சித்ரூன்தான். அதை நாலாகப் பிளந்து, குங்குமம் அப்பி, மேல்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். "வந்தது வந்த வழியாலை போகட்டும்" என்றார். பிறகு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் யன்னலில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு இருப்பது வலப்பக்கம். மாமி இடப்பக்கம் திரும்பி, பஸ் தரிப்பில் போய் நின்றார். எல்லிங்ஸ்ருட்டிலும் ஓர் ஆறு இருக்கும் போல என்று நினைத்த என் மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்க வருகிறது.

அடுத்த நாள் மாடிப்படியில் மேல்வீட்டம்மா எதிரே வந்தார். நானும் அம்மாவும் ஏறிக்கொண்டிருந்தோம். அம்மா என் தோளை இறுக்கினார். அந்த மனிசியின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"தாக் ஃபொர் சித்ரூனன்!" என்றார். தேசிக்காய்க்கு நன்றியாம். தனக்குத் தடிமனாம், சளி பிடித்திருக்கிறதாம், நல்ல நேரத்தில் கிடைத்ததாம், சிவப்புத் தூளைக் கழுவிவிட்டுத் தேநீருக்குள் பிழிந்து குடித்தாராம். "இது உங்களுடைய சாமியாரின் வழக்கமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"என்ன சொல்லுறாள்?" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தார்.

"தேத்தண்ணிக்குள்ளை பிழிஞ்சு குடிச்சவாவாம்."

"குடிச்சவளோ!"

அம்மா இரண்டு மூன்று நாள், மேலே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு திரிந்தார். கேட்டது. நன்றாகக் கேட்டது. அந்த மனிசி பாட்டும் பாடினார்.

ஆனால் அந்தப் படியில் அவர் கடைசியாகக் கேட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் கால்களைப் பார்த்து, "பாஸர் டே?" என்றார். அளவு காணுமா, காலுக்குப் பொருந்துகிறதா என்று கேட்கிறார். அம்மாவின் விரல்கள் என் தோளுக்குள் இறங்கின. "யா" என்றேன். ஓம், காணும். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். காணுமோ காணாதோ, எனக்கு எப்படித் தெரியும்? ஒரு விரலாவது உள்ளே போகவில்லையே.

அதன் பிறகு மேல்வீட்டுக்குப் போகக்கூடாது என்று கட்டளை. அந்தப் பெட்டை முதலில் கீழே வந்து மணி அடித்தாள். பிறகு, ஷொய்த்தர் கொடுத்த வீட்டில் கதவு திறக்காதது ஏன் என்று நினைத்தாளோ, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பனி கரைகிற காலத்தில் அவர்கள் தகப்பனின் ஊருக்கு, வடக்கே எங்கேயோ, வீடு மாறிப் போனார்கள். சாமான் ஏற்றுவதை நான் அதே யன்னலில் நின்று பார்த்தேன். போய் ஒரு சொல் சொல்ல என்னை விடவில்லை.

இதற்கு இடையில்தான் அது நடந்தது. தைப்பொங்கல் கழிந்து மாமி வீட்டுக்கு எல்லிங்ஸ்ருட் போனோம். மாமிக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அவள் உங்களில் ஒருத்தி, இதையும் வாசித்துக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்குப் பின்னால் உறைந்த முற்றத்தில், ஒரு கையால் வேலியைப் பிடித்துக்கொண்டு சறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளை ஷொய்த்தர். நாடா மட்டும் புது வெள்ளை. கணுக்காலில் நீல நூல் தையல்.

நான் உள்ளே ஓடிப்போய், பெரியவர்கள் எல்லோரும் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் நின்று கத்தினேன். "அது என்ரை ஷொய்த்தர்!"

மாமியின் கண்ணிலே ஒரு சிமிட்டல்கூட இல்லை. "இதென்ன கதை? அது துரொண்ட்ஹெய்மிலை இருந்து என்ரை தம்பி அனுப்பினது" என்றார். அம்மா என் தொடையில் கிள்ளி, "உன்ரையது ஆத்தோடை போச்சுது, வாயை மூடு" என்றார். அம்மா நம்பினாரா, நம்புவது போல இருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அந்தக் காரணத்தை மாமி கையில் கொடுத்திருந்தார். அதைக் கைவிட்டால் வெறுங்கை. இது இப்போது விளங்குகிறது. அம்மாவை மன்னித்துவிட்டேன். அம்மாவின் அந்த நோவை எடுத்துத் தன் பிள்ளைக்குச் சறுக்குச் சப்பாத்து ஆக்கிய மனிசியை மன்னிக்கச் சொல்லாதீர்கள்.

அப்பாவையும் கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் கராஜில் குளிர்கால டயர் மாற்றும்போது, ஆணியை முடுக்கிக்கொண்டே சொன்னார்.

"அண்டைக்கு உன்ரை தலைமாட்டிலை வைச்சது நான்தான். மேல்வீட்டு மனிசி முதல்நாள் படியிலை வைச்சுத் தந்தது. வேலைக்குப் போகேக்கை மெல்ல வைச்சிட்டுப் போனனான்."

"அப்ப ஏனப்பா நீங்கள் வந்து சொல்லேல்லை?"

"வந்து பாத்தால் கொம்மா கனநாளைக்குப் பிறகு எழும்பி, குளிச்சு, விளக்குக் கொளுத்தி, சமைச்சு வைச்சிருக்கிறா. எப்பிடிக் குஞ்சு சொல்லுறது?"

நான் கையில் இருந்த டயரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். ஒரு சொல். ஒரேயொரு சொல் அவர் சொல்லியிருந்தால் போதும்.

சரி, இனி போன கிழமைக்கு வருகிறேன். நீங்கள் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள், ஆனால் குசினிக்குள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றீர்கள். மாமியின் மகள்தான் கூப்பிட்டாள். அவளுடைய கீழ்வீட்டுக்கு உக்ரேனில் இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம், அவர்களோடு சேர்ந்து தன் பிள்ளைகளும் மிக்கொலாய் கொண்டாடுதுகளாம், பின்னேரம் தேத்தண்ணிக்கு வாவாம். தொலைபேசியில் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குக் காது சுட்டது. நேரே நிலவறைக்கு இறங்கிப்போய், பழைய பெட்டிக்குள் இருந்து சுள்ளியை எடுத்தேன். பொன் பாதி உதிர்ந்துவிட்டது. சிவப்பு நூல் இருக்கிறது. கருகிய நுனி அப்படியே இருக்கிறது.

போனால், வாசலில் பிள்ளைகளின் சப்பாத்துகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மண்டரின், பொன்தாள் சுற்றிய சொக்கலேற். அவர்கள் தலையணைக்குப் பதிலாகச் சப்பாத்து வைக்கிறார்களாம். உள்ளே மாமி சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, கீழ்வீட்டு உக்ரேன் பிள்ளைக்குப் பழம் உரித்துக் கொடுக்கிறார். என்னைக் கண்டதும், "வா பிள்ளை. பாத்தியே, எவ்வளவு வடிவான வழக்கம் இந்தச் சனத்துக்கு" என்றார்.

வடிவான வழக்கமாம்! எனக்கு உச்சியில் அடித்தது. திரும்பி வாசலுக்குப் போனேன். மாமியின் உரோமம் வைத்த சப்பாத்து ஒரு மூலையில் நின்றது. அதற்குள் சுள்ளியைச் செருகினேன்.

பிள்ளைகள் சப்பாத்துகளைக் கொட்டி ஆரவாரப்பட்டபோது, மாமியின் பேத்தி கத்தினாள். "அம்மம்மாவின்ரை சப்பாத்திலையும் ஏதோ கிடக்கு!" கொண்டுவந்து மாமியின் மடியில் போட்டாள். கீழ்வீட்டு உக்ரேன்காரி கை தட்டிச் சிரித்தாள், அம்மம்மாவும் குழப்படி செய்திருக்கிறா என்று. எல்லோரும் சிரித்தார்கள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. நுனியைப் பார்த்தார்.

"இது... அண்டைக்கு எரிச்சதெல்லோ?" என்று வாயில் வந்துவிட்டது.

"எதை அம்மா எரிச்சனீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

"ஷொய்த்தர் எங்கை, மாமி? ஆத்தோடை போச்சுதோ, பஸ்ஸிலை போச்சுதோ?" என்று நான் கேட்டேன்.

மகள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "எந்த ஷொய்த்தர்? அந்த நீலத் தையல் போட்டதோ? அது மாமா அனுப்பினதெல்லோ அம்மா?"

மாமி உரித்த பழத்தின் தோலை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அது உனக்குக் காணாது, பிள்ளை. உன்ரை கால் அப்பவே பெரிசு."

மேல்வீட்டம்மா மாடிப்படியில் நின்று கேட்ட கேள்விக்கு, இவ்வளவு காலத்துக்குப் பிறகு, திருடிய வாயில் இருந்து பதில் வந்திருக்கிறது!

"போட்டுப் பாக்க விட்டனீங்களோ?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அதைத்தான் நீங்கள் குசினியில் கேட்டீர்கள்.

அப்போது மகள் தன் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து, காலுறையைக் கீழே இழுத்தாள். குதிக்காலுக்கு மேல் வெள்ளையாக ஒரு தழும்பு. "எனக்கே அது காணாதடி. கடிச்சுக் கடிச்சுப் புண்ணாக்கிப்போட்டுது. போடமாட்டன் எண்டு அழ அழ, நல்ல சாமானை வீணாக்கக்கூடாது எண்டு அம்மாதான் காலுக்குள்ளை திணிச்சவா." சொல்லிவிட்டுத் தாயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும் வரைக்கும் வைத்திருப்பேன்.

கடித்ததாம்! உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோசம் பொங்கியது. நான் செய்ய முடியாமல் இருந்ததை அந்தச் சப்பாத்து அன்றைக்கே செய்திருக்கிறது. அவளுடைய கால் பாவம்தான், அவளிடம் பிறகு தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த நேரம் நான் பார்த்துக்கொண்டு நின்றது மாமியின் முகத்தை.

மாமி சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு, சுள்ளியைத் தொடாமல் மடியில் இருந்து தள்ளிவிட்டார். அது தரையில் விழுந்தது. மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, குசினியிலை ஒரு தேசிக்காய் கிடந்தால் எடுத்துக்கொண்டு வா."

நான் குனிந்து சுள்ளியை எடுத்து, திரும்பவும் அவருடைய மடியில் வைத்தேன்.

"தேத்தண்ணிக்கோ, மாமி?" என்று கேட்டேன்.